ஏழாவது குழாய்

லைடன், நெதர்லாந்து
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நிரஞ்சனா எழுதுகிறேன். நான் சுகம். மூக்கு மட்டும் இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து ஒழுகிக்கொண்டிருக்கிறது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? சிங்கப்பூரில் நம் கிளமெண்டி அடுக்குமாடி புளோக்கில் லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டார்களா? குறுஞ்செய்தி அனுப்பினால் தமிழாசிரியையான நீங்கள் என் எழுத்துப்பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்புவீர்கள். அந்தப் பயத்தில் மின்னஞ்சலிலும் முழுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

அண்ணனிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். அவர் போனை எடுப்பதில்லை. போன நவம்பரில் காலாங் ஆற்றோரம் ஒரு கட்டடத்துக்காகத் துளையிட்டபோது, அண்ணன் தன் கம்பெனியில் சொல்லி என் ஆராய்ச்சிக்கு, அடியிலிருந்து மண்ணை அடுக்குக் கலையாமல் எடுத்த குழாய்கள் வாங்கித் தந்தாரே, அவற்றைப் பற்றித்தான். மேலிருந்து கீழாக எண் போட்ட குழாய்கள். ஆழம் போகப் போகக் காலமும் பின்னால் போகும். ஏழாவது குழாயில் ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அலையாத்திக் காடு இருக்கிறது. இலை, வேர், மகரந்தம் எல்லாம் மக்கிக் கறுத்த மண்ணாகி, பக்கத்திலேயே கடல் கொண்டுவந்த சாம்பல் நிறச் சேறு. கடல் எப்படி ஏறியது, காடு அதற்கு ஈடுகொடுத்ததா என்பதை அந்த ஒரு குழாயை வைத்துத்தான் நான் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் நான் குழாயின் பக்கவாட்டில் துளை போட்டுச் சிட்டிகை சிட்டிகையாக மண் எடுத்தேன். இங்கே குழாயை முழுசாக ஸ்கேன் எடுக்கிறார்கள். அதில் வேர்கள் தெரிந்தன. வேர் மேலே தடித்திருக்கும், கீழே போகப் போக மெலிந்து கிளைக்கும். இந்தக் குழாயில் கீழே தடித்து மேலே மெலிகிறது. குழாய் தலைகீழாக இருக்கிறது அண்ணி. சிவப்பு மூடி மேல்பக்கம், கறுப்பு மூடி கீழ்ப்பக்கம் என்பது துளையிடுகிறவர்களின் வழக்கம். மூடி மாறிப்போயிருக்க வேண்டும்.

அன்றைக்கு மூடி போட்டது யார் என்று அண்ணனிடம் கேட்டு எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
நிரஞ்சனா


கிளமெண்டி
2 ஏப்ரல் 2025

அன்பு நிரஞ்சு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பரீட்சைத் தாள்கள் மேல் பழியைப் போட்டுக்கொள். அத்தையின் முழங்காலுக்குப் புதுத் தைலம் வந்திருக்கிறது. அதன் வாடை நான்காம் மாடி வரை போகிறது. லிஃப்ட் ஓடுகிறது. மூக்குக்கு வெந்நீரில் மஞ்சள் போட்டு ஆவி பிடி. அங்கே மஞ்சள் கிடைக்காது என்று கதை விடாதே, உன் பெட்டியில் நானே வைத்தேன்.

உன் அண்ணனிடம் கேட்டேன். குழாயெல்லாம் சரியாகத்தான் இருந்தது என்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே, "அலையாத்தில மூச்சுவேர் இருக்குல்ல, அது மேல பாத்துத்தான் வளரும். அதப் பாத்துட்டுப் பயப்படுறா"னு சொன்னார். அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டார். மண்ணைத் தோண்டுகிறவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

அவருக்கு வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் தங்குவதில்லை. தேக்காக் கடைத்தெருவுக்குப் போய்ப் பிரியாணி வாங்குகிறார், ஆனால் அந்தப் பொட்டலம் நம் வீட்டுக்கு வருவதில்லை. நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் ஒரு புதுச் சட்டை வாங்கினார். அவர் அளவும் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு எதைக் கேட்கக் கூடாது என்பது தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அண்ணி தமயந்தி


லைடன்
5 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஆவி பிடித்தேன், மூக்கு அடங்கியது. அம்மாவுக்கு என் முத்தம்.

மூச்சுவேர் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் மூச்சுவேர் குச்சியாக நேராக நிற்கும், இப்படி நூல் நூலாகக் கிளைக்காது. அதோடு சேற்றுக்குள் புதைந்து வாழ்ந்த சிப்பிகள் இருக்கின்றன. வாய்ப்பக்கம் மேலே இருக்க வேண்டியவை ஒன்று விடாமல் குப்புற நிற்கின்றன. எல்லாச் சிப்பிகளும் ஒன்றுகூடி என்னை ஏமாற்ற வேண்டிய அவசியம் இல்லை. இது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஏன் மூச்சுவேர் என்கிறார்?

இதை ஏன் விடமாட்டேன் என்று சொல்கிறேன். குழாயை நான் நம்பியபடி வைத்தால் கதை இது: கடல் வந்தது, சேறு படிந்தது, பிறகு கடல் கொஞ்சம் நின்றது, காடு திரும்ப வந்தது. போன பிப்ரவரியில் என் கட்டுரை ஏற்கப்பட்டதே, அது இந்தத் திரும்பி வந்த காட்டுக்காகத்தான். குழாயைத் திருப்பி வைத்தால் கதை வேறு. காடு இருந்தது, கடல் ஏறியது, காடு மூழ்கியது. திரும்ப வரவே இல்லை.

ஜூன் கடைசியில் சிங்கப்பூரின் கடலோரத் திட்டக் குழுவுக்கு எங்கள் அறிக்கை போக வேண்டும். அலையாத்தியை நட்டுக் கரையைக் காக்கலாமா, அது எவ்வளவு வேகத்துக்குத் தாங்கும் என்று அவர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். தாங்கும் என்று நான் தைரியம் கொடுத்து வைத்திருக்கிறேன். அது தப்பு.

முடிவை மாற்ற எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் குழாய் எங்கே புரண்டது என்று நான் எழுதியாக வேண்டும். துளையிட்ட இடத்தில் புரண்டிருந்தால் மற்றக் குழாய்களையும் சந்தேகப்பட வேண்டும். அன்று என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள்? அண்ணனே எழுதட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
நிரஞ்சனா


கிளமெண்டி
28 ஏப்ரல் 2025

நிரஞ்சனா,

நலம். அத்தையும் நலம்.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டுப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். 

நீ நேரே கேட்டிருக்கலாம். வேர், சிப்பி என்று சுற்றி வளைத்து எங்களை ஏன் மடக்கப் பார்க்கிறாய்? அன்று என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள் என்று போலீஸ் மாதிரிக் கேட்கிறாய். உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று எங்களுக்குப் புரிகிறது. அந்தப் பையனின் கைக்கும் உன் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? அவனை உன் ஆராய்ச்சிக்குள் இழுக்காதே. உன் அண்ணன் அவனுக்குத் தன்னால் ஆனதையெல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறார். நீ வெளிநாட்டில் ஸ்கேன் பார்க்கிறாய், நாங்கள் இங்கே இதோடு ஒவ்வொரு நாளும் தூங்கி எழுகிறோம்.

கோபத்தில் எழுதுகிறேன். இருந்தாலும் அனுப்பத்தான் போகிறேன்.

தமயந்தி


லைடன்
29 ஏப்ரல் 2025

அண்ணி,

நலமா என்று கேட்கக்கூட முடியவில்லை, மன்னியுங்கள்.

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்டது மூடியைப் பற்றி மட்டும்தான்.

எந்தப் பையன்? கைக்கு என்ன ஆயிற்று?

நிரஞ்சனா


கிளமெண்டி
18 மே 2025

அன்பு நிரஞ்சு,

நீ போனில் கூப்பிட்ட போதெல்லாம் நான் எடுக்கவில்லை. நம் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியும், இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் அத்தை "நூறு வயசு" என்பார். அத்தைக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று காலாங்கில் நல்ல மழை. வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் இயந்திரத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் மேலாளர் நிறுத்த வேண்டாம் என்றாராம். மேற்பார்வை உன் அண்ணன். துளையிடும் இரும்புத் தண்டு பிடி நழுவிச் சாய்ந்து, குழாய்களை அடுக்கியிருந்த இரும்புச் சட்டத்தின் மேல் விழுந்தது. சட்டத்துக்கும் தண்டுக்கும் நடுவில் ரமீஸின் வலது கை. ராமநாதபுரம் பக்கத்துப் பையன், வேலை அனுமதியில் வந்தவன், இருபத்தெட்டு வயது. குழாய்கள் சேற்றில் உருண்டன, சில மூடிகள் கழன்றன. ரமீஸை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, உன் அண்ணன் குழாய்களைப் பொறுக்கி மூடி போட்டாராம். அவசரத்தில் எது மேல் எது கீழ் என்று பார்க்கவில்லையாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. கம்பெனிக்குப் பழக்கமான ஒரு கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். தங்குவிடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்தான் என்று எழுதச் சொன்னார் மேலாளர். அன்று வேலையிடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று உன் அண்ணன் சொல்ல வேண்டும், அதுதான் ஏற்பாடு. சொல்லிவிட்டார். இப்போது ரமீஸ் பூன் லேயில் கம்பெனி ஸ்டோரில் உட்கார்ந்து ஆணி எண்ணுகிறான். பிரியாணியும் சட்டையும் அவனுக்குத்தான் போகின்றன.

உன் அண்ணன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "லேப்ல மாத்தி வச்சிட்டேன்னு நிரஞ்சுவ ஒரு வரி எழுதச் சொல்லு. அவளுக்கு ஒரு திட்டு விழும், அவ்வளவுதான். எனக்கு வேல போயிரும், பேரும் போயிரும்."

நானும் அதையேதான் கேட்கிறேன், நிரஞ்சு. கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் அண்ணி


லைடன்
15 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே வெயில் வந்துவிட்டது. எல்லோரும் கால்வாய் ஓரத்தில் படுத்துக் கிடக்கிறார்கள். அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். சாப்பிடவில்லை.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், எழுத உட்காரும்போதெல்லாம் அண்ணனைத் திட்டத்தான் வந்தது. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர். என் முதல் மைக்ரோஸ்கோப் அவர் ஓவர்டைம் செய்து வாங்கிக் கொடுத்தது. அந்த மனிதரைத் திட்டி எழுதுவது எப்படி என்று தெரியவில்லை. திட்டாமல் இருப்பதும் எப்படி என்று தெரியவில்லை.

ஸ்கேனை மறுபடி பார்த்தேன். சேற்றில் ஒரு பக்கமாக விரிசல் ஓடுகிறது, விழுந்த அடி. இத்தனை நாள் அதை நான் மண் காய்ந்ததால் வந்தது என்று நினைத்துக் குறித்திருந்தேன். எது மழைக்காலம், எது வறட்சி, எது கடல் என்று மண்ணில் படிக்கத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். ரமீஸின் கை இப்போது எப்படி இருக்கிறது? கிளினிக்கில் என்ன எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. விரல்கள் மடங்குகின்றனவா? நீங்கள் அவனைப் பார்த்தீர்களா?

அறிக்கைக்கு மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. அதற்குள் பதில் போடுங்கள், அண்ணி. எனக்கு முடிவெடுக்க அது வேண்டும்.

நிரஞ்சனா


கிளமெண்டி
3 ஜூலை 2025

அன்பு நிரஞ்சு,

நீ கேட்ட கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. நான் அவனைப் பார்த்ததே இல்லை. உன் அண்ணன் சொன்னதை வைத்து, ஏதோ கொஞ்சம் வலி இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை பள்ளி முடிந்து நேரே பூன் லே போனேன். ஸ்டோரில் இருந்தான். ஸ்ரீராம் சாரின் மனைவி என்றதும் எழுந்து நின்று இடது கையை நெஞ்சில் வைத்து சலாம் சொன்னான். வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். காட்டச் சொன்னேன். மூன்று விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. ஏழு மாதத்தில் ஒரு எலும்பு டாக்டர்கூட அந்தக் கையைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானை அறைத் தோழன்தான் போட்டுவிடுகிறானாம். அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது என்றான். அதைக்கூடக் குறையாகச் சொல்லவில்லை. "சார் நல்லவருக்கா. ஞாயித்துக்கெழம தவறாம வருவாரு. ஆனா என் கையப் பாக்க மாட்டாரு"ன்னான்.

 மறுநாள் விடுப்பு எடுத்தேன். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவுகிற ஓர் அமைப்பு தேக்கா பக்கம் இருக்கிறது, அங்கே அழைத்துக்கொண்டு போனேன். அவர்கள் மனிதவள அமைச்சில் புகார் கொடுக்க உதவினார்கள். விசாரணை முடியும்வரை அவனை அனுப்ப முடியாது. நடந்ததற்குச் சாட்சி யார் என்று கேட்டார்கள். மற்ற ஊழியர்கள் பேசப் பயப்படுகிறார்கள். என் கணவரைப் பற்றி நான் என்ன சொல்ல? அதனால் உன்னைச் சொன்னேன். அன்று சட்டம் சாய்ந்து குழாய்கள் விழுந்தன, அந்த அடி மண்ணிலேயே பதிந்திருக்கிறது, என் நாத்தனார் அதைப் பார்த்திருக்கிறாள் என்றேன்.

வீட்டுக்கு வந்துதான் உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

நான் மே மாதம் உன்னிடம் கேட்டதை மறந்துவிடு. உள்ளதை உள்ளபடி எழுது.

உன் அண்ணி


லைடன்
3 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? உங்கள் பதில் வரும் வரும் என்று மாதக் கடைசிவரை பார்த்தேன். வரவில்லை. பேராசிரியர் இரண்டு நாள் கூடுதலாகக் கொடுத்தார். அதிலும் வரவில்லை. ரமீஸின் கை ஆறிவிட்டது, அதனால்தான் எழுத ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று அறிக்கையை அனுப்பிவிட்டேன். காடு திரும்பி வரவில்லை, மூழ்கிப்போனது என்று முடிவைத் திருத்திவிட்டேன். குழாய் ஏன் புரண்டது என்ற இடத்தில் நீங்கள் சொன்னபடியே எழுதினேன். குழாய்கள் வேலையிடத்திலிருந்து நல்ல நிலையில் வந்தன, ஆய்வகத்தில் என் கவனக்குறைவால் மூடி மாறியது.

பேராசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அடுத்த வருட வேலை நிச்சயம் இல்லை என்றார். பரவாயில்லை. அண்ணனிடம் சொல்லுங்கள், நான் எழுதிவிட்டேன். இனிமேலாவது போனை எடுக்கட்டும்.

நிரஞ்சனா


கிளமெண்டி
24 ஜூலை 2025

நிரஞ்சனா,

உன் கடிதமும் என் கடிதமும் ஒரே நாளில் எதிரும் புதிருமாகப் போயிருக்கின்றன. என்னுடையதைப் பார்த்ததும் நீ அறிக்கையைத் திருத்திவிடுவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் தாமதத்துக்கு நான் யாரைக் குறை சொல்ல? பூன் லேயிலிருந்து வந்த இரவே உனக்கு இரண்டு வரி எழுதியிருக்கலாம். எல்லாவற்றையும் முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

நேற்று அமைச்சில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள். உங்கள் அறிக்கையை, குழாய் கொடுத்தவர்கள் என்ற முறையில் குழு கம்பெனிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறது. மேலாளர் அதைக் கொண்டுவந்திருந்தார். மஞ்சள் மையால் கோடு போட்டிருந்த உன் வரியை வாய்விட்டுப் படித்தார். குழாய்கள் வேலையிடத்திலிருந்து நல்ல நிலையில் வந்தன. கீழே உன் பெயர். சட்டம் சாயவில்லை, எதுவும் விழவில்லை, இந்த அம்மா சொல்கிற அதே நாத்தனாரே எழுதியிருக்கிறார் என்றார்.

ரமீஸுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. மொழிபெயர்த்தவர் தமிழில் சொன்னார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, அவங்க என்னய பொய்யன்னு சொல்றாங்களா?"ன்னு கேட்டான். 

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி கடைசி அமர்வு. உன் அண்ணனை அழைத்திருக்கிறார்கள். அவர் கூடத்தில் படுக்கிறார், சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டால் குளிக்கப் போய்விடுகிறார். அத்தைக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. சமையலறையில் கறி நறுக்கிக்கொண்டே இருக்கிறார்.

தமயந்தி


லைடன்
26 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் மூன்றாம் தேதிக் கடிதம் வந்தபோதே திருத்தியிருக்க வேண்டும், அண்ணன் பெயரை எழுத மனம் வராமல் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே குழுவுக்கும் பேராசிரியருக்கும் அமைச்சுக்கும் எழுதிவிட்டேன். அந்த வரி பொய். குழாய் ஆய்வகத்தில் மாறவில்லை. என் அண்ணனைக் காப்பாற்ற நான் எழுதினேன். இப்படியே எழுதினேன், அண்ணன் பெயரோடு.

பேராசிரியர் நல்ல மனிதர். மண்ணைத் தவறாகப் படித்தால் மன்னிக்கலாம், படித்ததை மாற்றி எழுதியதை மன்னிக்க முடியாது என்றார். அவர் சொன்னது சரி. இந்த மாதத்தோடு என் வேலை முடிகிறது. மேசையைக் காலி செய்துவிட்டேன். அழுதேன், பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் இதைத் தவிர வேறெதையும் நான் கற்கவில்லை.

ஏழாவது குழாயைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்ததில் ஒரு பாதியை இன்னும் யாரும் தொடவில்லை. விரிசல் அப்படியே இருக்கிறது. எங்கே அடிபட்டது, எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்க்கிறவர்களுக்குக் காட்டுவேன். ஐந்தாம் தேதி மத்தியானம் சாங்கியில் இறங்குகிறேன். குழாயைப் பெட்டியில் போட மாட்டேன், கையில்தான் கொண்டுவருவேன்.

இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டுங்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவர் விமான நிலையத்துக்கு வர வேண்டாம். ரமீஸிடம் சொல்லுங்கள், அவன் பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

அம்மா கையால் ஒரு வாய் ரசம் சாப்பிட வருகிறேன்.
நிரஞ்சனா


அமைச்சு அலுவலகம், காத்திருக்கும் இடம்
5 ஆகஸ்ட் 2025

அன்பு நிரஞ்சு,

நீ இன்னும் வானத்தில் இருப்பாய். இறங்கியதும் இதைப் படித்துவிட்டு டாக்சியில் ஏறு. வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

காலையில் உன் அண்ணனைக் கூப்பிட்டார்கள். குழாய் மத்தியானம் வந்துவிடும், அதைப் பார்த்துவிட்டுக்கூடப் பேசலாம் என்றார் அதிகாரி. இவர்தான் வேண்டாம் என்றார். மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தண்டு விழுந்தது, சட்டம் சாய்ந்தது, கை மாட்டியது எல்லாவற்றையும் சொன்னார். ஏழாவது குழாய்க்கு மூடி போட்டது யார் என்று அதிகாரி கேட்டார். நான்தான் என்றார். ரமீஸை கிளினிக்குக்கு அனுப்பிய பிறகா என்று கேட்டார். உன் அண்ணன் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார், நானும் உனக்கு அப்படித்தான் எழுதினேன். இவர் ரமீஸ் பக்கம் திரும்பினார். முதன்முறையாக அவன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்ல. அதுக்கு முன்னாடி. அவன் கை மாட்டிக்கிட்டுக் கெடந்தான், சார் சார்னு கூப்பிட்டான். குழாயெல்லாம் மழையில உருண்டு ஓடுச்சு. தங்கச்சியோட குழாயாச்சேன்னு, நான் மொதல்ல அதத்தான் பொறுக்குனேன்."

 மொழிபெயர்க்கிறவருக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

இப்போது வெளியே வந்து ரமீஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அவனுக்கு வரும் திங்கட்கிழமை எலும்பு டாக்டரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. விரல்கள் திரும்ப நிமிருமா என்று அவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உன் அண்ணனுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை.

நீ இங்கே வந்ததும் முதலில் யாரிடம் போக வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குழாயை என்னிடம் கொடுத்துவிடு, நான் வைத்துக்கொள்கிறேன்.

வாசலில் நிற்கிறேன்.
உன் அண்ணி தமயந்தி